துண்டுச் சிறகுகள்

ப்ர்னோ, 3 பிப்ரவரி 2023

அன்புள்ள லுபோர்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் இருந்தால் நல்லது. உனக்குக் கடிதம் எழுதி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது என்பது எனக்கும் தெரியும். வழக்கு நடந்தபோது நான் நீதிமன்றத்துக்கு வரவில்லை. மதுக்கடைச் சண்டையில் ஒரு ஆளைக் கண்ணாடிக் குவளையால் அடித்துக் கொன்றவனின் அக்கா என்று செய்தித்தாளில் என் படமும் வந்தது. அந்த மாதமே இரண்டு அரங்குகள் என்னை விலக்கிவிட்டன. இதைச் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய், நினைத்துக்கொள்.

விஷயம் இதுதான். எனக்கு முதல் முறையாகப் பெரிய மேடையில் இயக்கும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. நம் நாட்டு இசையமைப்பாளர் முதுமையில் எழுதிய, பழைய ரஷ்யச் சிறையில் நடக்கும் அந்த ஓபரா. பள்ளிக்கூடத்தில் நம்மைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், நீ தூங்கிவிட்டாய். இத்தனை காலமும் அதைத் தாடி, பனி, கால் சங்கிலி என்றே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க வருபவர்களும் 'அந்தக் காலத்து ரஷ்யா, ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடுகிறார்கள். நான் அதை இன்றைய சிறையாகப் போடப்போகிறேன். இங்கே, நம் நாட்டில், இந்த வருடம்.

அதற்கு நீ உதவ வேண்டும். என்ன உடுத்துகிறீர்கள், போர்வையை எப்படி மடிக்கிறீர்கள், வரிசையில் யார் முன்னால் நிற்பது, யார் பின்னால்? எதுவாக இருந்தாலும் எழுது.

அம்மா சௌக்கியம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

ஹெட்விகா

---

ஸ்குரோவ் சிறை, 17 பிப்ரவரி

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. இங்கே கடிதத்தை எங்களுக்கு முன்னாலேயே வார்டர்கள் பிரித்துவிடுவார்கள், கிழிக்கிற சுகம்கூட எங்களுக்குக் கிடையாது.

மூன்று வருடம் கழித்து எழுதுகிறாய். 'எப்படி இருக்கிறாய்' என்று இருக்கும் என்று பார்த்தேன். 'போர்வையை எப்படி மடிக்கிறாய்' என்று இருந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்னடா, பொண்டாட்டி ஓடிப்போயிட்டாளா?" என்றார் வொண்ட்ரா அண்ணன். இல்லை, அக்கா திரும்பி வந்திருக்கிறாள் என்றேன். "அது அதைவிட மோசம்" என்றார்.

வொண்ட்ரா அண்ணன் எங்கள் அறையின் ராஜா. அவர் முதல் கரண்டி சூப்பை வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் கரண்டியைத் தொடுவோம். இதையும் எழுதிக்கொள், உனக்கு உதவும்.

கோடு போட்ட சட்டையெல்லாம் கிடையாது. சாம்பல் நிறத்தில் தொளதொளவென்று கால்சட்டை, அதற்கு மேலே சட்டை. பகலில் துணி மாட்டும் கிளிப்புகள் பொருத்துகிறோம். நீ பால்கனியில் உள்ளாடை காயப்போடும்போது என்னை நினைத்துக்கொள். தேநீரைக் கரி மாதிரி கொதிக்கவைத்துக் குடிக்கிறோம், அது கொஞ்சம் தலைக்கு ஏறும். புகையிலைதான் பணம். போர்வையை நான்காக மடிக்க வேண்டும், விளிம்பு கதவைப் பார்த்து இருக்க வேண்டும்.

பார்க்க வருவாயா? மாதம் ஒரு தடவை அனுமதி உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி, பேருந்து மாறி ஏற முடியவில்லை. வேறு யாரும் வருவதில்லை. வரும்போது வாதாம் போட்டு பாபோவ்கா கேக் கொண்டுவா. வராவிட்டால் அதை மட்டுமாவது அனுப்பு.

லுபோர்

---

ப்ர்னோ, 6 மார்ச்

லுபோர்,

கேக் அனுப்பியிருக்கிறேன். கடையில் வாங்கியது, எனக்குச் சுட நேரமில்லை.

உன் கடிதத்தை ஒத்திகையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள், நன்றாகத்தான் எழுதுகிறாய். ஆனால் கிளிப்பையும் சூப்பையும் எந்த ஆவணப்படத்திலும் பார்க்கலாம். எனக்கு வேண்டியது வேறு.

அந்த ஓபராவில் ஒரு கழுகு வருகிறது. இறக்கை ஒடிந்த கழுகு. கைதிகள் அதை வைத்துக்கொண்டு சீண்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். எல்லா மேடையிலும் பஞ்சு அடைத்த பறவை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள், பார்க்கவே வெட்கமாக இருக்கும். என் மேடையில் பறவை கிடையாது, அந்த இடத்தில் ஒரு மனிதன் இருக்க வேண்டும். இன்று, ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில், பொழுது போகாத மனிதர்கள் இன்னொரு மனிதனை என்ன செய்வார்கள்? நீ பார்க்காமல் இருந்திருக்க மாட்டாய்.

அதை எழுது. எழுதினால் ஈஸ்டருக்கு உன்னைப் பார்க்க வருகிறேன்.

ஹெட்விகா

---

ஸ்குரோவ், 21 மார்ச்

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. நாளை விடுதலையாகும் ஒருவன் காலணிக்குள் வைத்து எடுத்துவருகிறான். படித்ததும் எரித்துவிடு.

மத்தோஷ் என்று ஒருவன் இருந்தான். புதிதாக வந்தவன். ஒரு தடவை வொண்ட்ரா அண்ணனுக்கு முன்னால் சூப்பில் கரண்டியை வைத்துவிட்டான், தெரியாமல்தான். யாரும் அவனை அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருந்தார்கள்.

ஞாயிறு மதியம், வெளியே மழை. அவனை மேல் கட்டிலில் ஏற்றினார்கள். இரண்டு கையிலும் குளியல் துண்டுகளை வரிசையாகக் கட்டினார்கள், தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும். "நீ பறவைடா. பற பாக்கலாம்" என்றார் வொண்ட்ரா. அவன் கும்பிட்டான், கெஞ்சினான். அவர்கள் யாரும் கத்தவில்லை, வெறுமனே காத்திருந்தார்கள். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் வெறும் தலைகள். வொண்ட்ராவின் உச்சியில் காசு அளவுக்கு வழுக்கை இருக்கிறது, அதில் வியர்வை மினுங்கும். துண்டுகள் ஈரமாக இருந்தன, அடுத்தவன் சோப்பு வாசனை. கொஞ்ச நேரம் கழித்து, குதித்துவிட்டால் முடிந்துவிடும் என்று தோன்றிவிடும். குதித்தான். தோள்பட்டை எலும்பு போயிற்று. "கத்தாம விழுந்துட்டியே, பறவைன்னா கத்தணும்ல" என்று திரும்ப ஏற்றினார்கள். இரண்டாவது தடவை கத்தினான்.

குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னான். அதற்கப்புறம் அவன் பெயரே பறவை. சாப்பிடும் இடத்தில், நடக்கும் இடத்தில் எல்லாம் "பறவை, கத்து" என்பார்கள், கத்துவான். பிறகு வேறொரு புதியவன் வந்தான், இவனை மறந்துவிட்டார்கள். மறக்கப்படுவதுதான் இங்கே பெரிய பாக்கியம்.

மத்தோஷ் இப்போது இங்கே இல்லை, வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். நீ கேட்டாய் என்று எழுதினேன். ஈஸ்டருக்கு வா.

லுபோர்

---

ப்ர்னோ, 19 ஏப்ரல்

லுபோர்,

ஈஸ்டருக்கு வர முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அந்த வாரம் முழுவதும் ஒத்திகை.

நீ அனுப்பியது எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ரெனே என்று ஒரு நடனக்காரன், எலும்பும் தோலுமாக இருப்பான். அவனை இரும்புக் கட்டிலின் மேல் ஏற்றித் துண்டுகளைக் கட்டுகிறோம். முழுப் பாடகர் குழுவும் கீழே அண்ணாந்து பார்த்து நிற்கிறது. இசை தானாகவே அந்த இடத்துக்கு வந்து பொருந்துகிறது, எழுதியவர் இதைத்தான் நினைத்தாரோ என்று இருக்கிறது. இசைக்குழுவை நடத்துபவர் கடினமான ஆள், அவரே ஒத்திகை முடிந்ததும் நேரே வெளியே போய்ப் புகைபிடித்தார்.

இன்னொரு நல்ல செய்தி. உங்கள் சிறை அதிகாரி சம்மதித்துவிட்டார். ஜூனில் நாங்கள் ஸ்குரோவுக்கே வருகிறோம். உங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் பியானோவுடன் முக்கியமான காட்சிகளை மட்டும் நடத்தப்போகிறோம். தொலைக்காட்சிக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். சிறை ஓபராவைச் சிறைக்குள்ளேயே! உன் முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு.

ஹெட்விகா

---

ஸ்குரோவ், 2 மே

அக்கா,

இந்தக் கடிதத்தை வார்டர் படிப்பார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ப்ர்னோவில் போடு. பிராகில் போடு. உலகம் முழுக்கப் போடு. இங்கே மட்டும் வேண்டாம். வந்துதான் ஆக வேண்டும் என்றால் அந்தக் கழுகுக் காட்சியை விட்டுவிடு. பாட்டுகளைப் பாடட்டும், கடைசியில் வரும் விடுதலைக் காட்சியைக் காட்டட்டும், எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்கும்.

நான் எதையும் உன்னிடம் கேட்டதில்லை. கேக் மட்டும் கேட்டேன். இப்போது இதைக் கேட்கிறேன்.

லுபோர்

---

ப்ர்னோ, 15 மே

அன்புத் தம்பி,

உன் பயம் புரிகிறது. யார் சொன்னது என்று கேட்பார்கள், அதுதானே? மேடையில் யார் பெயரும் வராது. இப்படி எல்லாச் சிறையிலும் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அந்த ஆளும் இப்போது அங்கே இல்லை என்று நீயே எழுதினாய். பிறகு யாருக்கு என்ன கெடுதல்?

கழுகுக் காட்சியை எடுத்துவிட்டால் என் நாடகத்தில் மீதி ஒன்றுமில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வருவதே அதற்காகத்தான். முதல் காட்சி போன வாரம் நடந்தது, திரை விழுந்த பிறகு ஒரு நிமிடத்துக்கு யாரும் கை தட்டவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. அப்புறம் தட்டத் தொடங்கினார்கள், நிறுத்தவே இல்லை. நான்கு வருடமாக என்னைப் பார்த்தாலே எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போனவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

நீ எனக்கு ஒன்றை இழக்கவைத்தாய். இப்போது ஒன்றைக் கொடுத்திருக்கிறாய். கொடுத்ததைப் பிடுங்காதே.

உன் அக்கா

---

மருத்துவமனை, 24 ஜூன்

அக்கா,

இங்கே ஒரு நர்ஸ் இருக்கிறாள், கடிதத்தைப் படிக்காமல் தபாலில் போடுகிறேன் என்றாள். அதனால் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய். இருந்தாலும் நான் இருந்த இடத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன். உனக்குத்தான் இப்படிப்பட்ட விவரங்கள் பிடிக்குமே.

எங்களை வரிசையாக உட்காரவைத்தார்கள். வொண்ட்ரா முன் வரிசையில், நான் அவருக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி. பாட்டு தொடங்கியதும் கொட்டாவி விட்டார்கள். சாம்பல் உடுப்பில் உன் பாடகர்கள் வந்ததும் "இவனுக எந்தப் பிளாக்டா?" என்று சிரிப்பு. அப்புறம் அந்தக் கட்டிலை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ரெனேயின் கையில் முதல் துண்டைக் கட்டியபோதே கூடம் அமைதியாகிவிட்டது. உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அது வேறு அமைதி, அக்கா. ஞாபகம் வருகிற அமைதி.

வொண்ட்ரா மெதுவாகத் திரும்பினார். என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பழைய நண்பனைச் சந்தையில் பார்த்தது மாதிரி முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, நம்ம பறவைடா! மறந்தே போயிட்டேன் பாரு!"

எல்லோரும் திரும்பினார்கள். "பறவை! பறவை!" என்று காலால் தரையைத் தட்டினார்கள். "அந்த ஒல்லிப்பயல எறக்குங்கப்பா, அசல் இங்க இருக்கு!" என்று யாரோ கத்தினான். என்னைத் தூக்கினார்கள். தலைக்கு மேலாகக் கை மாற்றிக் கை மாற்றி முன்னால் கொண்டுபோனார்கள். ரெனே இதுவும் ஏதோ ஏற்பாடு என்று நினைத்து, ஒதுங்கி எனக்கு இடம் கொடுத்தான். நல்ல பையன். அவனே தன் கையிலிருந்து துண்டுகளை அவிழ்த்து நீட்டினான்.

தலைமை வார்டர் எழுந்து நின்றார். விசில் அவர் வாயில் இருந்தது. ஊதவில்லை. உன்னைத் திரும்பிப் பார்த்தார், 'இது உங்க நாடகத்துல இருக்கா?' என்கிற மாதிரி. நான் கட்டிலின் மேலே இருந்தேன், எனக்கு எல்லாம் தெரிந்தது. நீ பியானோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அவரைப் பார்த்துத் தலையசைத்தாய். பியானோக்காரர் நிறுத்தியிருந்தார், அவரை நோக்கி விரலைச் சுழற்றினாய், வாசி என்று.

கீழே கேமரா. நான் கெஞ்சவில்லை, எப்படி முடியும் என்று தெரியும் அல்லவா. கத்திக்கொண்டே குதித்தேன், மறுபடி ஏற்ற வேண்டாம் என்று.

இடுப்பு எலும்பு. இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். கை தட்டினார்கள், கேட்டாயா? உன் பாடகர்கள்கூடத் தட்டினார்கள்.

மத்தோஷ் என்று யாரும் இல்லை. நீ எப்போது கண்டுபிடித்தாய்? அது ஒன்றை மட்டும் சொல்.

லுபோர்

---

ப்ர்னோ, 11 ஜூலை

லுபோர்,

பல தடவை எழுதிக் கிழித்தேன். இதை அந்த நர்ஸ் பெயருக்கே அனுப்புகிறேன், வார்டர் கைக்குப் போகாது. கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். மார்ச் மாதமே தெரியும். உன் கடிதத்தைப் படித்த அன்றே. வொண்ட்ராவின் உச்சி வழுக்கையைக் கட்டிலின் மேலே நிற்பவன் மட்டும்தான் பார்க்க முடியும். தெரிந்துதான் செய்தேன்.

அன்று வார்டர் என்னைப் பார்த்தபோது, நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். நான் மூன்று மாதமாக ரெனேயிடம் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட முகம் அது, அவனுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. என் தலை தானாக அசைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டால் அது பொய்யாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. நான் அழுதேன். அதே சமயம் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்தேன்.

விசாரணை வந்தது. நீ உன் விருப்பத்தோடு நடித்தாய், என்னோடு பேசி வைத்துக்கொண்டதுதான், தவறி விழுந்துவிட்டாய் என்று சொல்லிவிட்டேன். வேறு மாதிரி சொன்னால் வொண்ட்ரா தண்டனைப் பிரிவுக்குப் போவான், நீ அவன் ஆட்கள் இருக்கும் அதே அறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். யோசித்துப் பார், அது உன் நல்லதுக்கும்தான். நாடகத்துக்கும்தான், அதை மறைக்கவில்லை.

இன்னொன்றும் வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் பிராக் விழாவுக்குப் போகிறோம். ரெனே குதிக்கும்போது வருகிற கத்தல் அவனுடையது அல்ல. ஸ்குரோவில் பதிவானதை எடுத்துப் போட்டிருக்கிறோம். ஒலிக்காரர் எவ்வளவோ முயன்றார், வேறு எதுவும் சரியாக வரவில்லை.

என்னை வெறுத்துக்கொள். ஆனால் பதில் எழுது.

ஹெட்விகா

---

வீட்டிலிருந்து, 8 டிசம்பர்

அக்கா,

ஜூலையிலிருந்து நீ எழுதியது எல்லாம் கிடைத்தது. பதில் போடவில்லை. இப்போது போடுகிறேன்.

நான் வெளியே வந்துவிட்டேன். போன மாதம் முன்விடுதலை மனு நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி அம்மாள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள். "காயம் படும் அளவுக்குக் கலையில் ஈடுபட்டவர், திருந்தியதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்" என்றாள். வழக்கறிஞர் என் முதுகில் தட்டினார். நீ சொன்ன பொய்தான் கதவைத் திறந்தது. நான் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் இன்னும் அங்கேதான் இருப்பேன். ஆக, உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

ஊன்றுகோலோடு நடக்கிறேன். இடது கால் தரையை இழுக்கிறது. குளிரில் கம்பி வலிக்கிறது.

அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். நான் படியேறி வந்ததும் கட்டிக்கொள்வாள், அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, சிரித்தாள். "வாடா என் நடிகா!" என்றாள். நான் புரியாமல் நின்றேன். உள்ளே கூட்டிப்போய், தொலைக்காட்சியில் வந்ததைப் பதிவு செய்து வைத்திருப்பதைக் காட்டினாள். தபால்காரர் மனைவியையும் பாதிரியாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறாள். நான்கு வருடமாக இறைச்சிக் கடையில் இவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுமாம். இப்போது கடைக்காரரே வெளியே வந்து, "ஒங்க மகனும் மகளும் சேந்து என்னமா பண்ணியிருக்காங்க" என்கிறாராம். இதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"எப்படிடா கண்ணு அப்படிக் கத்துன? நெஜம் மாதிரியே இருந்துச்சு."

"அக்கா சொல்லிக்குடுத்தா."

"அவ சின்ன வயசிலேயே அப்படித்தான். ஒன்ன வெச்சு எதையாவது பண்ணிக்கிட்டே இருப்பா."

நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான். அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பதிலுக்கு உண்மையைக் கொடுக்க எனக்கு மனது வரவில்லை. அந்த அளவுக்கு நான் கொலைகாரன் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு நீ வர வேண்டும் என்கிறாள். மீன் வறுப்பாள், உருளைக்கிழங்கு சாலட் செய்வாள். சாப்பிட்டதும் மூன்று பேரும் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டுமாம். இத்தனை வருடத்தில் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரே சோபாவில் பார்த்ததில்லை என்கிறாள். ஒத்திகை இருக்கிறது, வியன்னாவில் கூப்பிட்டிருக்கிறார்கள், ரயில் இல்லை என்றெல்லாம் எழுதாதே. நீ வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பாள். கேட்டால் சொல்லிவிடுவேன். மனது வராது என்று மேலே எழுதினேன். உன் விஷயத்தில் எனக்கு மனது வரும்.

உன் இடம் நடுவில். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான். வார்டர் திரும்பிப் பார்க்கும் இடத்தில் கேமரா உன் மேல் வருகிறது. அந்த இடம் வந்ததும் அவள், "பாரு, பாரு, எவ்ளோ கம்பீரமா தலையாட்டுறா என் பொண்ணு!" என்று உன் தொடையில் தட்டுவாள். எல்லோருக்கும் அப்படித்தான் காட்டுகிறாள். நீ எழுந்து போகக் கூடாது. தண்ணீர் குடிக்க என்றுகூடப் போகக் கூடாது.

நான் விழுந்ததும் அம்மா கை தட்டுவாள். நானும் தட்டுவேன், பழகிவிட்டது. நீயும் தட்ட வேண்டும். அவள் நிறுத்தும் வரைக்கும்.

லுபோர்